பாசிக்குள் ஒரு குடியிருப்பு

கட்டுமாவடிக் கரையில் நண்டு வலையை உதறும் காலை வேளையில் நின்றிருக்கிறேன். நண்டு கூடைக்குப் போகும். வலையில் சிக்கிய பாசி மணலில் விழும். அவ்வாறு விழுந்த கொத்து ஒன்றைக் கையில் எடுத்தேன். பழுப்பு நிறம், வழவழப்பு, கடல் வாடை. குப்பையென்று நாம் ஒதுக்கும் இப்பொருளுக்குள் ஒரு மருந்துச்சாலை நடைபெறுகிறது என்றால் நேயர்கள் வியப்படையலாம். அம்மருந்தைச் செய்பவர் யார் என்பதே இன்று நான் விளக்க எடுத்துக்கொண்ட பொருள்.

ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு உணவாகும் கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. கடற்புல்லுக்கு வேரும் பூவும் உண்டு. பாசிக்கு அவ்விரண்டும் இல்லை. அது பாறையையோ சிப்பியையோ பற்றி நிற்கும். மேயவரும் மீனுக்கும், ஒட்டவரும் நுண்ணுயிருக்கும், சுட்டெரிக்கும் வெயிலுக்கும் தப்பி ஓட அதனால் இயலாது. ஆகவே இரசாயனப் பொருள்களே அதன் படைக்கலங்கள்.

அவற்றையெல்லாம் பாசியே செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. பாசியின் உடலுக்குள் கண்ணுக்குப் புலனாகாத பூஞ்சைகள், அதற்கு நோய் விளைக்காமல் குடியிருக்கின்றன. அவையும் இரசாயனம் சமைப்பதில் வல்லவை. தமிழகக் கரையோரப் பாசிகளில் இவற்றைத் தேடி ஆராய்ந்தவர் தாவரவியல் அறிஞர் டி. எஸ். சூரியநாராயணன். அவரும் குழுவினரும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இப்பூஞ்சைகள் சிலவற்றின் சாறு பிற பூஞ்சைகளை அடக்கும் ஆற்றலுடையது என்று காட்டினர்.

தேடும் முறை எளியது. பாசியின் மேற்புறத்தைக் கிருமியின்றித் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக நறுக்கி, அகர்க் கூழின்மேல் வைப்பார்கள். சில நாட்களில் உள்ளிருந்த பூஞ்சை இழைவிட்டு வெளியே வரும். அந்த அகரும் பாசியிலிருந்து எடுப்பதே. இராமநாதபுரக் கரையில் கஞ்சி காய்ச்சும் கஞ்சிப்பாசியும் அகர் தரும் இனந்தான்.

குளிர்க்கடலிலும் இவ்வுறவு உண்டு. அண்டார்க்டிகாப் பாசிகளிலும் பூஞ்சைகள் வாழ்கின்றன. வட அட்லாண்டிக் பாறைகளில் வளரும் அஸ்கோபில்லம் என்ற பழுப்புப் பாசியோடு ஒரு பூஞ்சை வாழ்நாள் முழுவதும் இணைந்திருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் இளம்பாசி உலர்ந்து மடியாதிருக்க அது துணைசெய்வதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

கடற்பூஞ்சையால் மனிதருக்குப் பயன் உண்டா? 1945ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டினியாத் தீவில், காலியாரி நகரச் சாக்கடை கடலில் கலக்குமிடத்தில், புரோட்சு என்ற அறிஞர் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அது பாசிக்குள் வாழ்ந்ததன்று; கடல்நீரில் கிடைத்தது. அதிலிருந்து ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் செபலோஸ்போரின் சி என்ற பொருளைக் கண்டனர். அதன் வழிவந்த மருந்துகளே இன்று நம் மருத்துவமனைகளில் ஊசியாகப் போடப்படுகின்றன.

இனி, செய்பவர் யார் என்ற வினாவின் பயனைக் காண்போம். மருந்தைப் பாசியே செய்வதாயின், சிறிதளவு மருந்துக்கும் பெருமளவு பாசியைப் பறிக்க நேரலாம். பூஞ்சை செய்வதாயின், ஒரு துண்டுப் பாசி போதும். பூஞ்சையைத் தொட்டிகளில் வளர்த்துக்கொள்ளலாம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர் 2022ஆம் ஆண்டில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய கடலைக் கலைக்காமல் மருந்து பெறும் வழி நமக்கு வேண்டியதன்றோ? ஆனால் தொட்டியில் பிறக்கும் செல்வம் கரையில் வாழ்வோரை மறந்துவிடலாகாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் பயனைப் பங்கிட வகைசெய்கிறது. அது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்வதெல்லாம் மருந்தாகிவிடாது. உடலுக்குத் தீங்கற்றது, நோயைத் தீர்ப்பது என்று படிப்படியாக மெய்ப்பித்த பிறகே அது மருந்து. கரையொதுங்கிய பாசியைக் காய்ச்சிக் குடித்து நோய் தீரும் என்று எவரும் நம்பவேண்டாம்.

கையிலிருந்த கொத்தை நான் நீரிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதனுள் குடியிருப்போரை நாம் இன்னும் முழுமையாக எண்ணி முடிக்கவில்லை.