கச்சான் காற்றும் ஒரு கோப்பைத் தேநீரும்

சென்னை போன்ற பெருநகரங்களில், உணவுச்சாலைக்கு ஒரு கோலம் புனைந்து, ரயில் பெட்டியிலோ சிறைக்கூடத்திலோ கிராமத்துத் திண்ணையிலோ அமர்ந்து உண்பதான பிரமையை உண்டாக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இலங்கையிலும், நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஹெதர்செட் என்ற பழைய தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாக மாறி, அதன் வளவில் மெய்யான ரயில் பெட்டியொன்றே போஜனசாலையாக நிற்கிறது. ஆயினும், அருந்தும் பொருளே தன் பிறப்பிடத்தில் நம்மை உபசரிக்கும் இடத்தைக் காண விரும்புவோர், இன்னும் தென்கிழக்கே பிரயாணம் செய்து, பதுளை மாவட்டத்து ஹப்புத்தளையை அடைய வேண்டும்.

அங்கேதான், 1890ஆம் ஆண்டில் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் கட்டிய தம்பேத்தன்ன தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. தோட்டத்து மக்கள் இதனை ‘ஸ்டோர்’ என்பார்கள். மடுவம் என்னும் நிறுவைக் கொட்டகையில் நிறுக்கப்பட்ட கொழுந்து இங்கு வந்ததும், நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டு, அடியிலிருந்து ஊதும் காற்றில் பல மணி நேரம் வாடுகிறது. பச்சை இலையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரே என்பதால், வாடாத இலையை அரைத்தால் நொறுங்குமேயன்றிச் சுருளாது.

பிறகு வருவதுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்த யந்திரம். வரம்புகள் பொருத்திய வட்டமான மேசையொன்றின்மேல், அடியற்ற ஒரு பெரிய உருளை, இலையை நிரப்பிக்கொண்டு, மேலிருந்து ஒரு மூடி அழுத்த, வட்டமிட்டுச் சுழல்கிறது; இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே இலையை வைத்துக் கசக்கும் செயலையே இரும்பு செய்கிறது என்று சொன்னால் விளங்கும். 1870களில் அஸ்ஸாமில் வில்லியம் ஜாக்சன் இத்தகைய யந்திரத்தை அமைக்கும் முன்னர், பெரும்பாலும் மனிதக் கைகளே அவ்வேலையைச் செய்தன.

கசக்குவதன் பயன் சுருட்டுவது மாத்திரமன்று. இலையின் உயிரணுக்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் துவர்ப்புப் பொருள்களும் கலந்து, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்கும்போது, பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. இதனைப் ‘புளிக்கவைத்தல்’ என்று கூறும் வழக்கம் உண்டு. ஆனால் இங்கே கிருமிகளுக்கு வேலையில்லை, இலையின் சொந்த ரசாயனமே போதும். உரிய தருணத்தில் உஷ்ணக் காற்றில் உலர்த்தி இம்மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஏறத்தாழ 100 கிலோ கொழுந்திலிருந்து 22 கிலோ தேயிலை கிடைப்பது சாதாரணம். அந்த நூறு கிலோவுக்காக மலைச்சரிவில் எத்தனை பெண்களின் கைகள் எத்தனை ஆயிரம் தடவை அசைந்திருக்கும் என்பதை, அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பது கடமை.

ஹப்புத்தளை அடங்கிய ஊவாப் பிரதேசத்துத் தேயிலையின் விசேஷம் இதற்கும் முற்பட்டது. அது காற்றில் தொடங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து, கச்சான் எனப்படும் வறண்ட காற்றாக ஊவாவுக்குள் வீசும்போது, செடியின் வளர்ச்சி தளர்ந்து, இலையில் வாசனைப் பொருள்கள் செறிகின்றன. அவற்றுள் முக்கியமானதும், நோவுக்குப் பூசும் தைலங்களில் மணப்பதுமான மெதில் சாலிசிலேட், ஊவாத் தேநீருக்கு மூக்கைத் துளைக்கும் குளிர்ச்சியை அளிக்கிறது. வேறெந்தப் பிரதேசத்துத் தேயிலையும் இம்மணத்துக்கு நிகரில்லை என்பது என் துணிந்த அபிப்பிராயம்.

தொழிற்சாலையிலிருந்து தேயிலை மலைகளினூடே சுமார் ஏழு கிலோமீட்டர் ஏறினால், லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் ‘லிப்டன் சீட்’ என்னும் முகடும், அங்கே ஒரு சிறு தேநீர்க்கடையும் உண்டு. நடுப்பகலுக்குள் மேகம் காட்சியை மூடிவிடுவதால் விடியற்காலையில் புறப்படுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் செல்லுங்கள். முதற்கோப்பையைப் பாலின்றி, பிளேன்டீயாகவே கேட்டு வாங்கி அருந்துங்கள்.