பிள்ளைகளின் விவரங்களும் அமானிதமே

கல்வி உதவித்தொகை என்றதும் பிள்ளையின் ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். குழுவில் உள்ள அத்தனை பேரின் போனுக்கும் அது போய்விடுகிறது. பிறகு நாம் அழித்தாலும், சேமித்து வைத்தவரிடம் அது இருக்கும்.

பெயர், பள்ளி, பிறந்த தேதி, கணக்கு எண் நான்கும் ஒருசேரக் கிடைத்தால் மோசடிக்காரனுக்கு அதுவே போதும். "உங்கள் மகளுக்குப் பணம் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்பான். விவரம் சரியாக இருப்பதால் நாமும் நம்பிவிடுவோம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களை நிறுவனங்கள் பயன்படுத்தப் பொதுவாகப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது, படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் படித்துப் பார்க்காமல் நாமே 'சம்மதம்' என்று அழுத்திவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

எனவே, எதற்காகக் கேட்கிறார்கள், யாரிடம் இருக்கும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஏற்றுக்கொள்ளும் இடங்களில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

விண்ணப்பங்களை வாங்கும் ஜமாஅத் நிர்வாகிகளே, வேலை முடிந்ததும் அவற்றை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். நம்பித் தந்த அமானிதம் அது.