செவ்வாய்க்குப் போன கம்ப்யூட்டர் ஏன் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆச்சு?

போன் ஹேங் ஆனா என்ன செய்வோம்? பவர் பட்டனை அமுக்கி ரீஸ்டார்ட் பண்ணுவோம். அதே பிரச்னை செவ்வாய்க் கிரகத்துல நின்னுட்டிருக்கிற ஒரு மெஷினுக்கு வந்தா?

1997 ஜூலை 4-ம் தேதி, நாசாவின் 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' செவ்வாயில் இறங்கியது. உள்ளே சோஜர்னர் என்ற குட்டி ரோவர். எடை சுமார் 10 கிலோதான். காற்றுப் பைகளில் பந்து மாதிரி குதிச்சுக் குதிச்சு இறங்கின அந்தக் காட்சிக்கே உலகம் கைதட்டியது. படங்களும் வர ஆரம்பிச்சது. ஆனா சில நாள்களிலேயே விண்கலத்தின் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்னிக்குச் செய்ய வேண்டிய மிச்ச வேலை அப்படியே மறுநாளுக்குத் தள்ளிப்போனது. 30 நாள்களுக்குத் திட்டமிட்ட பயணத்தில் ஒரு நாள் போறதுங்கறது சின்ன விஷயம் இல்லை. ஆள் அனுப்பிப் பார்க்கவும் முடியாது. சிக்னல் ஒரு பக்கம் போய்ச் சேரவே அப்போது 10 நிமிடம் ஆனது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது 'வி.எக்ஸ்.வொர்க்ஸ்' என்ற ரியல்டைம் ஆபரேட்டிங் சிஸ்டம். சாதாரண ஓ.எஸ்-ஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வேகம்னு நினைச்சா தப்பு. நேரம் தவறாமைதான் வித்தியாசம். யூடியூப் வீடியோ அரை நொடி லேட்டா ஓடினா யாரும் சாக மாட்டாங்க. காரில் ஏர்பேக் அரை நொடி லேட்டா விரிஞ்சா? அதனால இந்த ஓ.எஸ்-ல் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரேங்க் உண்டு. பெரிய ரேங்க் வேலை வந்துட்டா, சின்ன ரேங்க் வேலை பாதியிலேயே ஒதுங்கி நிக்கணும். இப்போ உங்க கையில் இருக்கிற போன்லகூட, டவரோடு பேசுற மோடம் பகுதியில் இப்படி ஒரு ரியல்டைம் ஓ.எஸ் தனியா ஓடிட்டு இருக்கும்.

ரொம்ப நியாயமான ஏற்பாடுதானே, இதுல என்ன சிக்கல் வரும்? ஒரு சின்ன மெஸ்ஸைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரே ஒரு மாஸ்டர், ஒரே ஒரு எண்ணெய்ச் சட்டி. கஸ்டமர் பூரி கேட்டா அதுதான் முதல் ரேங்க். சாம்பாருக்குக் காய் நறுக்குறது ரெண்டாவது. மோர் மிளகாய் வறுக்கிறது கடைசி.

மாஸ்டர் மோர் மிளகாயைச் சட்டியில் போட்டுட்டார். உடனே பூரி ஆர்டர் வருது. பாதி வறுபட்ட மிளகாயோட சட்டியில் பூரி போட முடியாது. சரி, மிளகாய் முடியட்டும்னு பூரி காத்திருக்கு. இதுவரை ஓகே, ரெண்டு நிமிஷ வேலைதான். அந்த நேரம் பார்த்து காய்கறி மூட்டை வந்து இறங்குது. ரேங்க்படி மிளகாயைவிட காய் நறுக்குறது பெரிசு. ரூல்ஸை அப்படியே ஃபாலோ பண்ற மாஸ்டர், மிளகாயைப் பாதியில் விட்டுட்டு காய் நறுக்கப் போயிடறார். சட்டி சும்மா கிடக்கு, பூரிக்காரர் பசியோட உட்கார்ந்திருக்கார். முதல் ரேங்க் வேலை, ரெண்டாவது ரேங்க் வேலைக்காகக் காத்துக் கிடக்குது. ரேங்க் தலைகீழாயிடுச்சு இல்லையா? இதுக்குப் பேரே 'பிரியாரிட்டி இன்வெர்ஷன்'.

செவ்வாயில் நடந்ததும் இதேதான். விண்கலத்தின் கருவிகளுக்கு இடையே தகவலைக் கடத்துற வேலை, பூரி. வானிலைத் தகவலைச் சேகரிக்கிற சின்ன வேலை, மோர் மிளகாய். ரெண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு. வானிலை வேலை அந்தப் பூட்டைக் கையில் வெச்சிருக்கும்போது, நடு ரேங்க்கில் இருந்த தொலைத்தொடர்பு போன்ற நீளமான வேலைகள் குறுக்கே புகுந்தன. தகவல் கடத்துற வேலை நொடிக்கு 8 முறை முடிஞ்சாகணும். முடியலைன்னா, 'ஏதோ பெரிய கோளாறு'ன்னு முடிவு பண்ணி சிஸ்டமே தன்னை ரீஸ்டார்ட் பண்ணிக்கும். அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சது, பாவம்.

கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் லேபில் இருந்த இன்ஜினீயர்கள், அங்கே இருந்த மாதிரி விண்கலத்தில் அதே நிலைமையை உருவாக்கி, ஒவ்வொரு வேலையும் எப்போ ஓடுதுன்னு பதிவு பண்ணினாங்க. ரீஸ்டார்ட் ஆனது, காரணமும் சிக்கியது. இந்த ரீஸ்டார்ட்டை பூமியில் சோதனை பண்ணும்போதே அவங்க பார்த்திருந்தாங்க. ஆனா திரும்ப வரவைக்க முடியலை. எப்பவாவது ஒரு தடவை, சரியான வரிசையில் எல்லாம் கூடி வந்தாதான் வரும் பிழை. இந்த ரகத்தைப் பிடிக்கிறதுதான் கொடுமை.

தீர்வு எளிமையானது. பூரி காத்திருக்கும்வரை மோர் மிளகாய்க்கும் பூரியோட ரேங்க்கைக் கடன் கொடுத்துடணும். அப்போ காய் நறுக்குற வேலை குறுக்கே வர முடியாது. மிளகாய் முடிஞ்சு சட்டி காலியான அடுத்த நிமிஷமே பழைய ரேங்க். 'பிரியாரிட்டி இன்ஹெரிடன்ஸ்'னு பேர். அந்த வசதி வி.எக்ஸ்.வொர்க்ஸ்ல ஏற்கெனவே இருந்தது, இந்தப் பூட்டுக்கு மட்டும் ஆஃப் ஆகியிருந்தது. பூமியிலிருந்தே ஒரு சின்ன மாற்றத்தை அனுப்பி ஆன் பண்ணினாங்க. ரீஸ்டார்ட் நின்னது. பாத்ஃபைண்டர் செப்டம்பர் கடைசிவரை பேசிக்கிட்டே இருந்தது.

இந்தத் தீர்வை கணிதபூர்வமாக அலசி, 1990-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டவர்கள் மூணு பேர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இதில் ராஜ்குமார் நம்ம கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், பிறகு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1997 டிசம்பரில், வி.எக்ஸ்.வொர்க்ஸ் நிறுவனத்தின் டேவிட் வில்னர் ஒரு ஆய்வு மாநாட்டில் இந்தச் செவ்வாய்க் கதையைச் சொல்லியிருக்கிறார். கட்டுரையை எழுதினவங்களும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தாங்களாம். விஷயம் தெரிஞ்சதும் கூட்டம் அவங்களுக்குக் கைதட்டியிருக்கு.