‘ஆப்ட் ஃபார்’, ‘ஆப்ட் அவுட்’... என்ன வித்தியாசம்?

‘ஆப்ட் ஃபார்’ என்றால், இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ‘ஆப்ட் அவுட்’ என்றால், ‘எனக்கு வேண்டாம்’ என்று விலகிக்கொள்வது.

முதல் சொல் காரைக்காலில் ஒரு தலைமுறையின் குடியுரிமையையே முடிவு செய்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் இந்தியா - பிரான்ஸ் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. ஊரிலேயே பிறந்து வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர, 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்கும் அப்பாவின் முடிவுதான். எழுதிக் கொடுக்காதவர்கள்? இந்தியக் குடிமக்கள் ஆனார்கள்.

இரண்டாவது சொல்லை இன்று வங்கியில் பார்க்கலாம். பயிர்க்கடன் வாங்கிய விவசாயி, பிரதமரின் பயிர்க் காப்பீடு வேண்டாம் என்றால், கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா திட்டத்தில் சேர்த்துடுவாங்க.

ஆக, ‘ஆப்ட்’ என்று வரும் படிவத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: நாம சும்மா இருந்தா என்ன ஆகும்?