கேமில் உறவை முடிவு செய்வது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் வேர்டும் எக்ஸெலும் திறக்கப்படுவதற்கு முன்பே ஏதாவது ஒரு கேம் இன்ஸ்டால் ஆகிவிடும். எங்கள் குடும்பத்திலும் அதுதான் நடந்தது. பழனியில் இருக்கும் என் அக்காவும் அவள் மகளும் கோடை விடுமுறைக்குக் கொடைக்கானலில் என் வீட்டிற்கு வந்திருந்தார்கள். பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஜூனில் கோவைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறாள். அதற்காக வாங்கிய புது லேப்டாப்பும் கூடவே வந்திருந்தது.

மே மாதம் இங்கே ஏரிப் பக்கம் கால் வைக்க முடியாது, அவ்வளவு கூட்டம். மதியம் ஆனால் மழை. எனவே மூன்று நாட்கள் வீட்டிற்குள்ளேயே இருந்தோம். அவள் ‘வெண்பா’ என்ற கேமை விளையாடிக் கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மாலை மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். “ஏன் மாமா, நான் பார்த்துப் பார்த்து நல்ல பதிலாத்தான் கிளிக் பண்ணேன். அப்புறமும் ஏன் அந்தப் பையன் அம்மாவை விட்டு விலகியே போறான்?”

“கேம் அப்படித்தான்மா” என்று சொல்லிவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. சரியான பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். புதிதாக கேம் விளையாடத் தொடங்கும் உங்களுக்கும், பிள்ளைகளுக்கு கேம் வாங்கித் தரும் பெற்றோருக்கும் இது உதவும்.

கதையுள்ள கேம்களில் பெரிய வகை ரோல் பிளேயிங் கேம். ஒரு கேரக்டரின் வேடத்தை நீங்கள் ஏற்கிறீர்கள். அவர் எங்கே போவது, என்ன பேசுவது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். இதன் மூலம் 1974ல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அது கம்ப்யூட்டர் கேமே அல்ல. பேப்பர், பென்சில், பகடைகளுடன் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. அதில் ஒருவர் கதையை நடத்துவார். நீங்கள் திடீரென்று “நான் இந்த ராஜாவுடன் சண்டை போடவில்லை, அவர் வீட்டில் சமையல்காரனாகச் சேர்கிறேன்” என்றால், அவர் அந்த நொடியே கதையை மாற்றிச் சொல்வார்.

கம்ப்யூட்டரால் அது முடியாது. நான்கு பதில்கள் எழுதி வைத்திருந்தால் நான்கில் ஒன்றைத்தான் கிளிக் செய்யலாம். ஐந்தாவது பதில் உங்கள் மனதில் இருக்கலாம், கேமில் இருக்காது.

சரி, நாம் கிளிக் செய்யும் பதிலைக் கேம் என்ன செய்கிறது? மளிகைக் கடையில் நம் பெயரில் ஒரு கணக்கு நோட்டு இருக்குமே, அது போல ஒவ்வொரு கேரக்டருக்கும் ஓர் எண்ணை வைத்துக் கொள்கிறது. நல்ல வார்த்தை பேசினால் எண் கூடும், மனம் நோகப் பேசினால் குறையும். 2016ல் வெளியான ‘ஸ்டார்ட்யூ வேலி’ என்ற விவசாய கேமில் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே காணலாம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கிய கேம் இது. கிராமத்தில் ஒருவருக்கு மிகவும் பிடித்த பொருளைப் பரிசாகத் தந்தால் 80 புள்ளிகள். ஓரளவு பிடித்தது என்றால் 45. வெறுக்கும் பொருளைத் தந்தால் 40 புள்ளிகள் போய்விடும். 250 புள்ளிகள் சேர்ந்தால் திரையில் ஓர் இதயம் நிறையும். பிறந்த நாளில் தந்தால் எட்டு மடங்கு! கல்யாணம் செய்துகொள்ளக்கூடியவர்கள் பன்னிரண்டு பேர். எட்டு இதயங்களில் பூச்செண்டு தரலாம், பத்து இதயங்கள் ஆன பிறகு கல்யாணப் பேச்சை எடுக்கலாம். ஆணோ பெண்ணோ, யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். யாரையும் கட்டிக்கொள்ளாமல் கத்தரிக்காய் பயிரிட்டுக் கொண்டும் இருக்கலாம்.

இவ்வளவு சுதந்திரம் தரும் இந்தக் கேம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? உங்கள் தாத்தா படுக்கையில் கிடக்கிறார், உங்களிடம் ஒரு கடிதம் தருகிறார். அந்தத் தாத்தாவை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ‘எனக்குத் தாத்தா வேண்டாம், நானே நிலம் வாங்கிக் கொள்கிறேன்’ என்று சொல்ல அங்கே பட்டன் கிடையாது. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆவியாக வந்து உங்கள் பண்ணைக்கு மதிப்பெண் வேறு போடுவார்.

ஏன் எல்லாவற்றையும் நம்மிடமே விட்டுவிடக் கூடாது? ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில்கள், மொத்தம் பத்துக் கேள்விகள், ஒவ்வொரு பதிலும் கதையை நிரந்தரமாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1024 கதைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வசனம், குரல், படம், மொழிபெயர்ப்பு. எந்தக் கம்பெனியாலும் முடியாது. எனவே கதை இரண்டாகப் பிரிந்து, சிறிது தூரம் போய், மறுபடி ஒன்றாகச் சேரும்படி எழுதுகிறார்கள். எங்கள் ஊருக்கு வருவது போலத்தான். பழனியில் இருந்து ஏறினால் ஒரு மலைப்பாதை, வத்தலகுண்டில் இருந்து ஏறினால் வேறொரு மலைப்பாதை. காட்சி வேறு, வளைவுகள் வேறு, வயிற்றைப் புரட்டும் இடங்களும் வேறு. ஆனால் எப்படி வந்தாலும் பெருமாள்மலையில் இரண்டும் சேர்ந்துவிடும். அதன் பிறகு எல்லோரும் வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாகத்தான் கொடைக்கானலுக்குள் நுழைய வேண்டும். ஜப்பானில் 1997ல் வந்த ‘பைனல் பேண்டஸி 7’ இதற்குப் பழைய உதாரணம். நாம் பேசிய பதில்களுக்கு ரகசியமாகப் புள்ளி போட்டு, ஒரு மாலை யாருடன் ஊர் சுற்றப் போகிறோம் என்பதை அந்தக் கேம் முடிவு செய்யும். ஆனால் ஏரித் என்ற பெண்ணிடம் எவ்வளவு அன்பாகப் பேசியிருந்தாலும் அவள் இறப்பதைத் தடுக்க முடியாது. அந்த இடம் அவர்களுடைய பெருமாள்மலை.

இதில் தவறு எதுவும் இல்லை. தவறு வேறொரு இடத்தில் வருகிறது. ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ என்ற கேமை யூபிசாப்ட் 2018 அக்டோபரில் வெளியிட்டது. பண்டைய கிரேக்கத்தில் நடக்கும் கதை. அலெக்சியோஸ், கசாண்ட்ரா ஆகிய இருவரில் ஒருவராக ஆடலாம். காதலிப்பது ஆணையா பெண்ணையா, அல்லது யாரையுமே இல்லையா என்பது உங்கள் விருப்பம் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. பலர் நூறு மணி நேரத்திற்கும் மேல் விளையாடித் தங்கள் கேரக்டரைத் தங்கள் விருப்பப்படி வளர்த்திருந்தார்கள். 2019 ஜனவரியில் கூடுதல் கதையின் இரண்டாம் பகுதி வந்தது. அதில் நீங்கள் என்ன பதில் சொன்னாலும் உங்கள் கேரக்டர் ஒருவருடன் குடும்பம் நடத்திக் குழந்தை பெற்றுவிடுவார். கசாண்ட்ராவுக்கு ஓர் ஆண், அலெக்சியோஸுக்கு ஒரு பெண் என்று ஜோடியையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அந்தக் கட்டத்தை முடித்தால் கிடைக்கும் விருதின் பெயர் ‘வளர்ந்துவிட்டாய்’ என்ற பொருளில் இருந்தது!

விளையாடியவர்கள் கொதித்துப் போனார்கள். கேமின் கிரியேட்டிவ் டைரக்டர் ஜோனதன் டூமோன் மன்னிப்புக் கேட்டார். பின்னர் வந்த அப்டேட்டில் ஒரு காட்சியை மாற்றினார்கள், விருதின் பெயரையும் மாற்றினார்கள். காதலுக்காக அல்ல, வம்சம் தொடர வேண்டும் என்பதற்காக மட்டுமே இணைந்தேன் என்று சொல்லவும் வழி வந்தது. குழந்தை மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுக்க முடியாது. அந்தக் குழந்தையின் வம்சத்தில்தான், இதற்கு முந்தைய கேமில் வரும் ஆயா என்ற முக்கியமான பெண் பிறக்கிறாள். குழந்தை இல்லை என்றால் பழைய கேமின் கதை நிற்காது.

இதைச் சொன்னபோது நாங்கள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்று கொண்டிருந்தோம். மூன்று நாட்களில் மழை விட்ட ஒரு காலை அது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். என் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் மகளோ கேம் நினைவிலேயே இருந்தாள். “அப்ப நம்ம பழனிக் கதையும் அப்படித்தானே மாமா?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன், சரிதான். நாரதர் கொண்டு வந்தது ஒரு பழம், பிள்ளைகள் இருவர். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்று விதி. முருகன் மயிலேறிப் பறந்தார். விநாயகர் அதே விதிக்கு வேறு பொருள் கண்டுபிடித்துத் தாய் தந்தையைச் சுற்றி வந்தார். நல்ல கேம் ஆடுபவர் செய்யும் வேலை! இதைக் கேமாக எடுத்து, முருகனாக ஆடும் நமக்கும் அந்த யோசனை தோன்றி, பழத்தை வாங்கிக் கொள்ளும்படி செய்தால்? “அப்புறம் அவர் கோபிச்சுக்கிட்டு வரவே மாட்டார். நம்ம ஊரே இருக்காது” என்றாள் அவள். ஒடிசி கேமின் குழந்தைக்கும் இதுதான் நிலைமை. ஒரே ஒரு வித்தியாசம். பழனிக் கதையைச் சொன்ன யாரும் ‘முடிவு உங்கள் கையில்’ என்று விளம்பரம் செய்யவில்லை.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழியும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் உயர்ந்தது. போலந்து நாட்டில் தயாராகி 2015ல் வந்த ‘விட்சர் 3’ கேமில் நாம் கெரால்ட். சிரி என்ற பெண் அவருக்கு வளர்ப்பு மகள் மாதிரி. நாவல்களில் இருந்தே வரும் இந்த உறவை நாம் மாற்ற முடியாது. ஆனால் மனமுடைந்து உட்கார்ந்திருக்கும் அவளுக்குப் புத்திமதி சொல்வதா, பனிக்கட்டியை எறிந்து விளையாட அழைப்பதா என்று ஓர் இடம் வரும். பெரியவர்களைப் பார்க்கப் போகும் இடத்தில் கூடவே போவதா, தனியாகப் போகட்டும் என்று நம்பி விடுவதா என்று இன்னோர் இடம். இப்படிச் சில சின்ன இடங்களைக் கூட்டித்தான் கடைசியில் அவள் உயிரோடு திரும்புகிறாளா என்பது முடிவாகும். எங்கே கணக்குப் போடுகிறது என்று கேம் சொல்லவே சொல்லாது. நான் முதல் தடவை ஆடியபோது எல்லா இடத்திலும் அக்கறையோடு புத்திமதி சொன்னேன், சிரி திரும்பவில்லை. (இது பெரியவர்களுக்கான கேம். ரத்தமும் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. பிள்ளைகளுக்கு வேண்டாம்.)

வாங்குவதற்கு முன் என்ன பார்க்கலாம்? ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் வகைச் சொற்கள் இருக்கும். ‘சாய்சஸ் மேட்டர்’, ‘மல்டிபிள் எண்டிங்ஸ்’ என்று இருந்தால் நம் பதிலுக்கு ஓரளவு மதிப்பு உண்டு என்று பொருள். ஆனால் அவை விளையாடியவர்களும் சேர்ந்து ஒட்டும் லேபிள்கள். முழுதாக நம்பிவிட வேண்டாம். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முக்கியமான பேச்சு வரும் முன் தனியாக ஒரு சேவ் போட்டுக் கொள்ளுங்கள். பழைய சேவ் மேலேயே எழுதாதீர்கள். பிறகு அந்த சேவை லோட் செய்து வேறு பதிலைக் கொடுத்துப் பார்த்தால், அது உண்மையான தேர்வா, பெருமாள்மலையா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி ‘வெண்பா’. கறாராகச் சொன்னால் இது ரோல் பிளேயிங் கேம் அல்ல, சமைத்துக் கொண்டே கதை கேட்கும் கேம். கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024ல் பாஃப்டா விருது பெற்றது. சாதாரண லேப்டாப்பில் ஓடும், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். கதை 1988ல் தொடங்குகிறது. வெண்பாவின் அம்மா தந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப் போனதை நாம் ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். நடுநடுவே பதில்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மகன் வளர்கிறான், ஆங்கிலத்தில் பேசுகிறான், விலகுகிறான். அதற்குப் பிறகு என்ன என்பதை நீங்களே ஆடிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத என் அக்கா, மூன்றாம் நாள் அந்த இட்லித் தட்டுகளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “குழி மேல குழி வைக்காதடி, மேல இருக்கிறது கீழ ஒட்டிக்கும். திருப்பி வை.” அதன் பிறகு பதில்களையும் படித்துச் சொல்லச் சொன்னாள். “அதைச் சொல்லாதே, பையன் மனசு நோகும். இதை அழுத்து.” மகள் அழுத்தினாள். கவின் அப்போதும் போனான்.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. வெளியே மறுபடி மழை. ஹாஸ்டலுக்கு வாங்கிய புது பக்கெட்டும் தலையணையும் இன்னும் பிரிக்கப்படாமல் அதே அறையில்தான் இருந்தன.

“முதல்ல இருந்து போடுடி” என்றாள் அக்கா.

“எதுக்கும்மா? என்ன சொன்னாலும் அவன் போகத்தான் போறான். மாமா சொன்னாருல்ல?”

“போகட்டும். இந்தத் தடவை அவன் கேக்கறதுக்கெல்லாம் நான் சொல்ற பதிலை அழுத்து.”

அவள் புதிய கேமைத் தொடங்கினாள். நான் டீ போட எழுந்து போனேன்.