ஏரியில் இருந்து எழும்பிய விமானம் தலைகுப்புற விழுந்தது!

ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுபாதை இருக்கிறது. நீளம் சுமார் 7 ஆயிரம் அடி. சக்கரம் வைத்த விமானம் ஓடிக் கிளம்புவதற்குத் தரையில் ஒரு பாதை வேண்டும்.

சக்கரத்துக்குப் பதில் மிதவை வைத்த விமானமும் உண்டு. அதற்கு நீர்ப்பரப்பே பாதை. மத்தூர்க்காரர்கள் பாரூர்ப் பெரிய ஏரியை மனதில் நினைத்துக் கொள்ளலாம். 2024 நவம்பர் 11-ந் தேதி, கொச்சியில் இருந்து கிளம்பிய நீர் விமானம் ஒன்று மூணாறு அருகே மாட்டுப்பட்டி அணை நீரில் இறங்கியது. கரையில் நின்றவர்கள் கண்டு களித்தார்கள்.

பார்க்க அழகுதான். ஆனால் நீரை விட்டுக் கிளம்புவது லேசான காரியம் அல்ல!

நீரின் பிடி

அகலமான பலகை ஒன்றைத் தண்ணீர் மேல் படிய வைத்து, சட்டென்று தூக்கிப் பாருங்கள். தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும். மிதவையையும் அப்படித்தான் இழுக்கிறது. இந்தப் பிடியைத் தளர்த்தவே மிதவையின் அடியில் படி போல ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். வேகம் கூடியதும் அங்கே காற்று புகுந்துகொள்ளும்.

விமானம் ஓட்டக் கற்பவர் முதலில் மூக்கை உயர்த்திப் பிடிக்கிறார். பிறகு கொஞ்சம் தாழ்த்தி, நீர் மேல் சறுக்க விடுகிறார். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் மிதவையின் முனை நீரில் குத்தும். விமானம் குட்டிக்கரணம் போடும்! கண்ணாடி போல் அசையாத நீர் பிடியை எளிதில் விடாது. சிற்றலை இருந்தால் நல்லது.

ஒற்றைக் கண் விமானி

கற்றுத் தேர்ந்தவரையும் இது விடவில்லை. அமெரிக்க விமானி வைலி போஸ்ட், எண்ணெய்க் கிணற்று வேலையில் இடது கண்ணை இழந்தவர். கிடைத்த நஷ்டஈட்டில் விமானம் வாங்கினார்! 1933-ல் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. ஆன நேரம் 7 நாள், 18 மணி, 49 நிமிடம்.

1935-ல் அவர் அலாஸ்காவுக்குப் புறப்பட்டார். உடன் வந்தவர் சினிமா நடிகர் வில் ராஜர்ஸ். நாடே சிரித்து மகிழ்ந்த நகைச்சுவைக்காரர். அவர்கள் ஏறிய விமானம், இரண்டு வேறு விமானங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு ஏற்ற மிதவை வந்து சேரவில்லை. வேறு மிதவையை மாட்டினார்கள். விமானத்தின் மூக்குப் பக்கம் கனத்துவிட்டது.

ஆகஸ்டு 15-ந் தேதி. எங்கும் மூடுபனி. வழி தெரியாமல் ஒரு காயலில் இறங்கி, அங்கிருந்த வேட்டைக்காரர்களிடம் வழி கேட்டார்கள். பிறகு கிளம்பினார்கள். நீரை விட்டு எழும்பியதும் எஞ்சின் நின்றது! மூக்குக் கனத்த விமானம் தலைகுப்புறப் பாய்ந்தது. அங்கே தண்ணீர் சில அடி ஆழமே. ஆனாலும் இருவரும் மாண்டனர். போஸ்டுக்கு வயது 36. ராஜர்சுக்கு 55.

வேட்டைக்காரர் ஒருவர் பல மைல் ஓடிப்போய்ப் பாரோ ஊரில் செய்தி சொன்னார்.

குளத்தில் பாடம்

கிளம்பும்போது எஞ்சின் நின்றால் உடனே மூக்கைத் தாழ்த்து, நேரே போய் நீரில் இறங்கு, திரும்பப் பார்க்காதே. பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கவிழ்ந்துவிட்டால்? கனடா முதலிய நாடுகளில் அதற்கும் பாடம் உண்டு. விமானியைக் கூண்டில் வைத்து வார் போட்டு, நீச்சல் குளத்தில் தலைகீழாகப் புரட்டுகிறார்கள்! ஒரு கையால் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் முதலில் கதவு, பிறகுதான் வார். உயிர் காக்கும் சட்டையில் காற்றை நிரப்புவது வெளியே வந்த பிறகு.