மதுரைச் சுங்குடியும் அறிவுசார் சொத்துரிமைச் சட்டங்களும்

முன்னுரை

மதுரைவாழ் சௌராட்டிர மக்களின் கைத்தொழிலாக வளர்ந்தது சுங்குடி. பருத்தித் துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடங்கள் புள்ளிகளாகத் தோன்றும். இன்று அச்சிட்ட புள்ளிகளைக் கொண்ட துணிகளும் சுங்குடி என்றே விற்கப்படுகின்றன. இந்நிலையில், முடிச்சிடுவோருக்குச் சட்டம் எந்த அளவு துணைநிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்புரிமை

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மரபறிவைப் புத்தாக்கமாக ஏற்பதில்லை. எனவே சுங்குடி முடிச்சுக்கு அயலாரும் காப்புரிமை பெற இயலாது. அதனைப் பேணிவந்த சமூகத்தாரும் பெற இயலாது. 2024 மே 24 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை, மரபறிவின் மூலத்தைக் காப்புரிமை விண்ணப்பத்தில் வெளிப்படுத்தக் கோருகிறது. ஆயின் அது மரபணு வளங்களோடு தொடர்புடைய அறிவையே கருதுகிறது. கைவினை நுட்பம் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

வணிக இரகசியமும் வணிகக்குறியும்

வணிக இரகசியத்திற்கு இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தம், நம்பிக்கை மீறல் ஆகியவற்றின் அடிப்படையிலேயே நீதிமன்றங்கள் தீர்வளிக்கின்றன. தனிச்சட்டம் வேண்டுமென இந்தியச் சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அத்தகைய சட்டம் வந்தாலும், ஒரு சாயக்காரர் மறைத்துவைத்த கலவை முறைக்கே அது பயன்படும். பல குடும்பங்கள் அறிந்த முடிச்சு இரகசியம் ஆகாது. பொருள் தோன்றிய ஊரை மட்டும் சுட்டும் சொல்லை வணிகக்குறியாகப் பதிவதை 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக மறுக்கிறது.

புவிசார் குறியீடு

எஞ்சியிருப்பது புவிசார் குறியீடு. மதுரைச் சுங்குடி 2005இலும் மதுரை மல்லி 2013இலும் இத்தகுதியைப் பெற்றன. மல்லியின் தனித்தன்மை மண்ணோடும் பிணைந்தது. சுங்குடியின் தனித்தன்மையோ கைத்திறனில் உள்ளது. ஆயினும் சட்டம் காப்பது பெயரையே. அதே முடிச்சைப் பிற ஊரில் இட்டு வேறு பெயரில் விற்பதை அது தடுப்பதில்லை.

பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை, 21ஆம் பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்தோருக்கே உண்டு. ‘உற்பத்தியாளர்’ என்பதன் வரையறை, கைவினைப் பொருளைச் செய்பவரோடு அதை விற்பவரையும் உள்ளடக்குகிறது. எனவே வணிகர் பதிவுபெற்றுப் பயனடைய, வீட்டிலிருந்தே கூலிக்கு முடிச்சிடும் பெண்கள் பதிவேட்டிற்கு வெளியே நிற்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. பதிவு உரிமையாளருடன் இணைந்தே விண்ணப்பிக்க வேண்டுமென்ற நிலையை 2020ஆம் ஆண்டு விதித்திருத்தம் மாற்றியது. கட்டணமும் பெரிதும் குறைந்தது. இவ்வாயில் திறந்திருப்பதை முடிச்சிடுவோர் அறிந்தால்தான் பயன் விளையும்.

முடிவுரை

காப்புரிமையும் வணிக இரகசியமும் புதுமையையும் மறைபொருளையும் காப்பவை; சுங்குடி முடிச்சு இவ்விரண்டும் அன்று. அதற்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடும் பெயரளவில் நின்றுவிடுகிறது. முடிச்சிடுவோரைப் பயன்பாட்டாளராகப் பதிவுசெய்வதும், கையால் முடிந்த துணியை அச்சுத் துணியினின்று பிரித்துக்காட்டும் தரச்சோதனையை வலுப்படுத்துவதும் உடனடித் தேவைகள். அவையின்றேல் பெயர் நிலைக்கும், தொழில் மறையும்.